சுருட்டை முடியை நோகாமல் காயவைக்க

டிரையர் நல்லதா, காற்றில் விடுவது நல்லதா? என் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் நான் இரண்டு விஷயம் கேட்பேன். தலைக்குக் குளித்தால் வேர் வரை காய எவ்வளவு நேரம் ஆகிறது? குளித்து முடித்ததும் துண்டை வைத்து என்ன செய்கிறீர்கள்? முதல் கேள்விக்குப் பலரிடம் சரியான பதில் இருக்காது. "சாயங்காலம் வரைக்கும் உள்ளே ஈரம் இருக்கும்" என்பார்கள். இரண்டாவதற்கு வாயால் பதில் வராது. இரண்டு கையையும் தூக்கித் தலையைப் பரபரவென்று தேய்த்துக் காட்டுவார்கள்.

சுருட்டை, அலை முடிக்காரர்களுக்கே வேலை செய்து பழகியவள் நான். என் தலையும் அதே ரகம்தான். நான் பார்த்தவரை டிரையர் கெடுத்த முடியைவிடத் துண்டு கெடுத்த முடிதான் அதிகம். அதற்கு அடுத்தபடி, மணிக்கணக்காக ஈரத்திலேயே கிடந்து நொந்துபோன முடி. அதனால் முதலில் தேய்ப்பு, அப்புறம் நேரம், கடைசியில் சூடு என்ற வரிசையில் யோசித்து முறையைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் சூட்டில் ஆரம்பித்துச் சூட்டிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஈர முடிக்குள் நடப்பது

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதற்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று ஒரு வகை உண்டு. தண்ணீர் பட்டால் அவை விட்டுவிடும், காயும்போது மறுபடி சேரும். அப்படிச் சேரும் நேரத்தில் முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே நின்றுவிடும். சுருள் அழகாக விழுமா, பரட்டையாக எழும்புமா என்பது காயும் நேரத்தில் முடிவாவது இதனால்தான். ஈரமாக இருக்கும்போது கோதிக்கொண்டும் கலைத்துக்கொண்டும் இருந்தால் சேர்ந்திருக்க வேண்டிய இழைகள் பிரிந்து, ஆளுக்கொரு திசையில் வளைந்து இறுகிவிடும். காய்ந்த பிறகு எந்த க்ரீமைத் தடவினாலும் அது முழுசாகத் திரும்பி வராது.

நனைந்த முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீளம் ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடும். தடிமன் ஏறத்தாழ 15 சதவீதம் கூடிவிடும். இப்படி ஊதியிருக்கும் நேரத்தில் வெளிப்புறச் செதில்கள் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். தேய்த்தால் அவற்றின் விளிம்பு பெயரும், பக்கத்து இழையில் மாட்டிச் சிக்காகும். ஈர முடி இழுத்தால் நன்றாக நீளும், அதைப் பார்த்துப் பலமாக இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. உலர்ந்த முடியைவிடக் குறைந்த விசையிலேயே அது அறுந்துவிடும். சுருட்டை முடிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. இழை உருண்டையாக இல்லாமல் சற்றே தட்டையாக, வழியெல்லாம் முறுக்கிக்கொண்டு போகும். முறுக்கு விழும் இடங்களில்தான் பெரும்பாலும் ஒடியும்.

தண்ணீரை எடுப்பதுதான் பாதி வேலை

இது குளியலறைக்குள்ளேயே ஆரம்பிக்கிறது. கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே விரலால், இல்லாவிட்டால் அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மெல்ல மேலே மேலே போய்ச் சிக்கெடுத்துவிடுங்கள். அலசிய பிறகு சீப்பை மறந்துவிடலாம்.

இப்போது தலையை முன்பக்கம் குனியுங்கள். முடி முழுவதும் முகத்துக்கு முன்னால் தொங்கட்டும். ஒரு பிடி முடியின் நுனியை உள்ளங்கையில் ஏந்தி, அப்படியே மேலே தூக்கித் தலையோடு சேர்த்து, கையை மூடிப் பிழியுங்கள். முறுக்க வேண்டாம், கீழ்நோக்கி உருவவும் வேண்டாம். கீழே உருவினால் சுருள் நீண்டு, இழைகள் பிரிந்துவிடும். முதல் தடவை தண்ணீர் தாரையாக ஓடும். மூன்றாவது நான்காவது பிழிவில் சொட்டுச் சொட்டாகும். பிழியும்போது 'சளக் சளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கண்டிஷனரும் தண்ணீரும் போதுமான அளவு இருக்கிறது என்று எனக்குச் சொல்வது அந்தச் சத்தம்தான். அது அடங்குவதற்குள் லீவ்-இன் க்ரீமோ (அலசாமல் முடியிலேயே விட்டுவிடும் க்ரீம்) ஜெல்லோ போட்டுவிட வேண்டும். பாதி காய்ந்த முடியில் ஜெல் தடவினால் அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கும். மேலே பட்டையாகத் தடவிவிட்டு உள்ளே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முடியை இரண்டாக வகுத்து அடியிலும் போடுங்கள்.

அப்புறம்தான் துணி. டர்க்கித் துண்டில் இருக்கும் நூல் வளையங்கள் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், முடியையும் நன்றாக இழுக்கும். உடம்பைத் துவட்ட அதை வைத்துக்கொண்டு, தலைக்குப் பழைய பருத்தி டீ-ஷர்ட் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். துவைத்துத் துவைத்து மெலிந்துபோனதுதான் சரி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், தண்ணீரை வாங்காது. முன்பக்கம் படம் அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கமும் உறிஞ்சாது, முதுகுப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். மைக்ரோஃபைபர் துண்டும் நல்லதுதான், மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால். சிலவற்றில் நகமும் வெடித்த விரலும் மாட்டும். விரலில் மாட்டுகிற துணி முடியிலும் மாட்டும்.

துணியை இரண்டு உள்ளங்கையிலும் விரித்து, ஒரு பகுதி முடியை அதில் ஏந்தி, மேலே கொண்டுபோய் அழுத்துங்கள். அழுத்தி, மெதுவாக ஐந்து எண்ணும் வரை அப்படியே வைத்திருங்கள். துணி தானாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். விடும்போது கையைப் பட்டென்று எடுக்காமல் திறந்து கீழே இறக்குங்கள். நனைந்த இடத்தை விட்டுத் துணியின் வேறு இடத்துக்கு மாறி அடுத்த பகுதி. அடர்த்தியான முடிக்கு ஒரு டீ-ஷர்ட் போதாது, கனத்ததும் அடுத்ததை எடுங்கள். பிடரியையும் காதுக்குப் பின்னால் இருக்கும் முடியையும் தனியாகக் கவனியுங்கள். முன்நெற்றி முடியை ஐந்து தடவை அழுத்துகிறவர்கள் பிடரியை ஒரு தடவைகூடத் தொடுவதில்லை. கடைசியாகக் காயும் இடமே அதுதான்.

முடியைத் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், ஆனால் விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் துணி வேலை முடிந்தது. இதை ஒழுங்காகச் செய்தாலே காயும் நேரம் கணிசமாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

டீ-ஷர்ட்டைத் தலையில் கட்டிக்கொள்ளும் முறை ஒன்றும் இருக்கிறது. துணியை நாற்காலியில் விரித்து, குனிந்து, சுருள்கள் அதன் நடுவில் அடுக்கடுக்காக இறங்கும்படி தலையை வைத்து, ஒரு விளிம்பைப் பிடரிக்கு இழுத்துவிட்டு, டீ-ஷர்ட்டின் கைகளை முடிச்சுப் போடுவது. நல்ல சுருட்டைக்கு 10, 15 நிமிடம் இது அருமையாக வேலை செய்யும். அலை முடிக்காரர்களுக்கு நான் சொல்வதில்லை, வேர் தட்டையாகப் படிந்து நுனி விநோதமாக மடங்கிவிடும். யாராக இருந்தாலும் அதோடு தூங்கிவிடக் கூடாது.

உங்கள் முடி எவ்வளவு நேரம் எடுக்கிறது?

அடுத்த முறை தலை குளிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிடரியில், தோலை ஒட்டி விரலை விட்டுப் பாருங்கள். மேலே தொட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அங்கே குளிர்ச்சி போக இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் காற்றில் விடுங்கள், டிரையர் தேவையே இல்லை. மூன்று, நான்கு மணி நேரம் என்று இழுத்தால் டிரையரின் உதவி வேண்டும் என்பேன். இது என் கணக்குத்தான், சட்டம் இல்லை. ஆனால் 'இயற்கையாகக் காயவிட்டால் எந்தச் சேதமும் வராது' என்ற நம்பிக்கை சரியில்லை.

கொரியாவில் செய்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கொஞ்சம் தெளிவாக்குகிறது. முடிக் கற்றைகளை 30 தடவை அலசி அலசிக் காயவைத்துப் பார்த்தார்கள். டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது முடியில் பட்ட சூடு 47 டிகிரி செல்சியஸ். 10 செ.மீ. தூரத்தில் 61 டிகிரி. 5 செ.மீ. நெருக்கத்தில் 95 டிகிரி. பக்கத்தில் போகப் போக மேற்பரப்பு அதிகமாகக் கெட்டது, இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் செதில்களுக்கு இடையே அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய சவ்வுப் பகுதி, தானாகக் காயவிட்ட கற்றையில்தான் பாதிக்கப்பட்டிருந்தது. அதிக நேரம் தண்ணீரில் ஊறிக் கிடந்ததுதான் காரணமாக இருக்கும் என்றார்கள். 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காயவைப்பது, தானாகக் காயவிடுவதைவிடச் சேதம் குறைவு என்பது அவர்களின் முடிவு. சிறிய ஆய்வுதான். இருந்தாலும், அடர்த்தியான முடி நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கிறவர்கள் டிரையரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்று சொல்ல எனக்கு இது போதும்.

ஒரே நீளம், ஒரே அடர்த்தி இருந்தும் இருவருக்கு நேரம் வித்தியாசப்படும். சிலர் முடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்று, உள்ளே போகவே நேரமாகும். போனால் வெளியே வரவும் நேரமாகும். நிறமேற்றிய, வெளுத்த முடி தண்ணீரை உடனே இழுத்துக்கொண்டு அதிகமாக ஊதும், பலமும் குறைவு. அதற்குச் சூட்டை இன்னும் குறையுங்கள். காற்றில் ஈரப்பதம் கூடுதலான நாளில் எல்லாருக்குமே நேரம் நீளும். போன வாரம் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்த முடி இந்த வாரம் மூன்று மணி எடுத்தால் முடியில் கோளாறு தேடாதீர்கள்.

காற்றில் காயவிடுகிறவர்களுக்கு

செய்ய வேண்டியது கொஞ்சம். செய்யாமல் இருக்க வேண்டியதுதான் நிறைய. சுருள்களை விழ வேண்டிய இடத்தில் விழவைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வகிடு மாற்றுவது, ஒரு சுருளை விரலில் சுற்றுவது, காதுக்குப் பின்னால் ஒதுக்குவது எல்லாம் காய்ந்த பிறகு. வேர் எழும்பி நிற்க வேண்டுமானால் உச்சியில் இரண்டு மூன்று சின்ன கிளிப்பைத் தோலை ஒட்டிக் குத்திவிடுங்கள். முடி தூக்கிக்கொண்டு நிற்பதால் அடியில் காற்றும் போகும். மின்விசிறி குறைந்த வேகத்தில், தள்ளி இருக்கட்டும். நேர் கீழே உட்கார்ந்தால் மேல் முடி மட்டும் பறந்து பறந்து காயும், அடி அப்படியே இருக்கும்.

ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போடாதீர்கள். முடிக்கும் நல்லதில்லை, கொண்டைக்குள் காற்றே போகாது. ஈர முடியை அடிக்கடி கட்டி வைப்பவர்களுக்கு முடியின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சின்ன முடிச்சுகள் போல ஒரு வகைப் பூஞ்சை ஒட்டிக்கொள்வதும் உண்டு. பேன் முட்டை என்று நினைத்து விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"அக்கா, வெயில்ல நின்னா சீக்கிரம் காஞ்சிடுமே?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். காயும்தான். ஆனால் புற ஊதாக் கதிர் முடியின் புரதத்தையும் நிறத்தையும் கெடுக்கும். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள நிழலில் உட்காரச் சொன்னேன்.

இரவில்தான் தலை குளிக்க முடியும் என்றால், படுப்பதற்குள் காய்ந்துவிடுமா என்பதைப் பாருங்கள். காயாது என்றால் அன்றைக்கு டிரையர்தான். ஈரத் தலையோடு தலையணையில் புரளுவதைவிட மிதமான சூடு எவ்வளவோ மேல்.

டிஃப்யூசர்

டிரையர் வாயில் மாட்டும் கிண்ணம் போன்ற பாகம்தான் டிஃப்யூசர். ஒரே இடத்தில் சீறி வரும் காற்றைப் பரப்பி மெதுவாக்கும். சுருட்டை முடிக்காரர்கள் டிரையர் வாங்கும்போது வாட், அயானிக், விளக்கு என்று பெட்டியில் எழுதியிருப்பதையெல்லாம் படிப்பார்கள். நான் பார்ப்பது மூன்றுதான்: சூடும் வேகமும் தனித்தனியாகக் குறைக்க முடிகிறதா, குளிர்காற்றுப் பொத்தான் இருக்கிறதா, டிஃப்யூசர் ஆட்டினால் கழன்று விழாமல் நிற்கிறதா. ஆழமான, அகலமான கிண்ணமாக இருந்தால் அடர்த்தியான முடிக்கு நல்லது. ஒன்று சொல்ல மறந்துவிடுவேன்: பின்பக்க வலையில் தூசி அடைத்திருந்தால் காற்று குறைந்து சூடு ஏறும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு அதைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

மிதச் சூடு, குறைந்த வேகம். முடி படும் தூரத்தில் உங்கள் புறங்கையை நீட்டிப் பாருங்கள். பத்து எண்ணும் வரை வசதியாக வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தச் சூடு தலைக்கும் வேண்டாம்.

முதல் பத்து நிமிடம் கிண்ணம் முடியைத் தொடவே கூடாது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தலையைச் சுற்றி மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள். ஜெல் போட்டிருந்தால் மேலே லேசான மொடமொடப்பு வரும். அந்த உறை வந்துவிட்டது என்றால் சுருள்கள் இனி எளிதில் பிரியாது. அப்புறம் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு பகுதி முடியைக் கிண்ணத்தில் நுனியிலிருந்து இறக்கி, வேர் வரை கொண்டுபோய், அரை நிமிடம் அசையாமல் வைத்திருங்கள். டிரையரை அணைத்துவிட்டோ குளிர்காற்றுக்கு மாற்றியோ கீழே இறக்குங்கள். ஓடவிட்டபடியே உள்ளேயும் வெளியேயும் எடுத்தால் அந்தக் காற்றிலேயே பரட்டை கிளம்பும். வலது, இடது, முன்பக்கம், அப்புறம் குனிந்து பிடரி. பிடரிக்கு மட்டும் இரண்டு சுற்று.

முக்கால் பங்குக்கு மேல் காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். மீதி காற்றிலேயே போய்விடும். நொறுநொறுவென்று ஆகும் வரை ஓட்டுவதில்தான் டிரையர் கெட்ட பெயர் வாங்குகிறது.

டிஃப்யூசர் இல்லையா? முன்னால் இருக்கும் கூரிய மூக்கைக் கழற்றிவிட்டு, 20 செ.மீ. தள்ளி, குறைந்த வேகத்தில் காட்டுங்கள். வாயில் சாக்ஸ் மாட்டிக்கொள்ளும் யோசனை ஒன்று சுற்றுகிறது. காற்றுப் போக வழியில்லாமல் டிரையர் சூடாகும், எனக்கு அதில் விருப்பமில்லை. இன்னொன்று: ஈரம் இருக்கும் முடியில் ஸ்ட்ரெய்ட்னரை ஒருபோதும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி இழைக்குள்ளேயே குமிழ் கட்டிவிடும். அந்த இடத்தில் முடி ஒடிந்தே தீரும்.

மிக நெருக்கமான சுருளுக்கு

பேனா ரீஃபில் அளவுக்குச் சின்னச் சுருளாக, சுருங்கிச் சுருங்கி நிற்கும் முடிக்குக் கதை வேறு. நனைந்து நீளமாக இருப்பது காய்ந்தால் பாதிக்கும் கீழே போய்விடும். சுருங்கும்போது இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அடுத்த முறை சிக்கெடுப்பதே பெரும்பாடாகிவிடும். இந்த முடியைச் சும்மா தொங்கவிட்டுக் காயவைப்பதைவிட, கொஞ்சம் நீட்டி வைத்துக் காயவைப்பதுதான் மென்மையான வழி. எட்டு, பத்து பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தளர்வாக இரட்டைப் புரியாக முறுக்கிவிடுங்கள், அல்லது பின்னிவிடுங்கள். வேரில் இழுப்பு தெரியக் கூடாது. நெற்றி ஓரம் வலித்தால் அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். அந்த இழுப்பு தொடர்ந்தால் முன்முடி கொட்டிப்போகும்.

புரியின் நடுவில் ஈரம் வெகுநேரம் நிற்கும். அவசரப்பட்டு அவிழ்த்தால் போட்ட வேலை வீண், சுருங்கிப் பரட்டையாகிவிடும். ஒரே ஒரு புரியைப் பிடரிப் பக்கம் அவிழ்த்துப் பாருங்கள், அது காய்ந்திருந்தால் மற்றதும் காய்ந்திருக்கும். நேரம் போதாதவர்களுக்குத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளும் டிரையர் உறை நல்லது, முடியை யாரும் தொடாமலே காற்று உள்ளே சுற்றிவரும். டிரையரில் சீப்பு மாட்டி இழுத்து இழுத்துக் காயவைப்பதை எப்போதாவது விசேஷத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

சின்னக் குழந்தைகளுக்கு டிரையர் சத்தமே பயம். அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு டீ-ஷர்ட்டும் தளர்வான பின்னலும் போதும். கழுத்துக்கு மேல் நிற்கும் குட்டை முடிக்கும் அப்படித்தான், அழுத்தித் துடைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

முழுசாகக் காய்ந்ததா?

கையால் பார்ப்பதைவிடக் கன்னத்தில் ஒரு சுருளை வைத்துப் பாருங்கள். ஈரம் மிச்சமிருந்தால் சில்லென்று தெரியும். டிரையர் சூட்டில் இருக்கும்போது இது ஏமாற்றும், அதனால் ஒரு நிமிடம் குளிர்காற்றைக் காட்டிவிட்டுப் பாருங்கள். முழுசாகக் காய்ந்த பிறகுதான் ஜெல் உறையை உடைக்க வேண்டும். இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, நுனியிலிருந்து மேலே, துணியில் பிழிந்தது மாதிரியே மெதுவாகக் கசக்குங்கள். மொடமொடப்பு போய் முடி மெத்தென்று வரும். கசக்கும்போது எங்கேயாவது கையில் ஜில்லென்று பட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அரை மணி கழித்து வந்து பார்த்துக்கொள்ளலாம்.